ஆறு வருடம், ஒரே ஐம்பது எம்.எம். லென்ஸ்

2019-இல், எங்கள் திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் இந்த லென்ஸை வாங்கினேன். 50 எம்.எம்., எஃப் 1.8. எம்.எம். கூடக்கூடப் படத்தில் அடங்கும் அகலம் குறையும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும், தெளிவாக விழும் ஆழம் குறையும். விலை எட்டாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த அளவில் பெரும்பாலும் எல்லாக் கம்பெனியிடமும் ஒன்று உண்டு, நான் சொல்லப்போகிற நல்லது கெட்டதும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான் படம் எடுத்துச் சம்பாதிக்கிறவன் இல்லை. ஜங்ஷனில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவும் கையுமாக முகம் தேடி அலைவேன்.

என்னுடையது சின்ன சென்சார் (படத்தைப் பதிகிற சில்லு) கேமரா. 1.5-ஆல் பெருக்கினால், முழு அளவு சென்சாரில் 75 எம்.எம். காட்டுவதைப் போல இந்த லென்ஸ் நடந்துகொள்கிறது. முகத்துக்கு அது வசதி. ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும். இதில் ஆளை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டி வருவதால் அந்தத் தொல்லை இல்லை. எடையும் தெரியாது, நாள் முழுக்கக் கழுத்தில் கிடக்கும்.

முதல் வருடம் முழுக்க 1.8-லேயே எடுத்துத் தள்ளினேன். பின்னால் இருக்கிறதெல்லாம் வெண்ணெயாக உருகுவதைப் பார்த்து நானே என்னைப் பெரிய கலைஞன் என்று நினைத்துக்கொண்ட காலம் அது. தேரோட்டத்தன்று வடம் பிடித்த ஒருவரின் வியர்வை வழியும் முகத்தை எடுத்து, பிரிண்ட் போட்டு, பாளையில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சியிடம் காட்டினேன். பிலிம் காலத்திலிருந்து கல்யாணம் எடுக்கிறவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூக்கு நல்லா வந்திருக்கு. தேர எங்கவே?”

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கோபம் வேறு. இந்த ஆளுக்கு என்ன தெரியும், கல்யாண வீட்டில் வரிசையாக நிற்கவைத்து எடுக்கிறவர்தானே என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அவர் சொன்னது இரண்டும் அப்பட்டமான உண்மை. ஒரு மீட்டர் தூரத்தில் 1.8 வைத்தால் தெளிவாக விழுவது மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். கேமரா தன் இஷ்டத்துக்கு மூக்கு நுனியைப் பிடித்துக்கொண்டால் கண் போச்சு. தேரும் போச்சு, அது ரத வீதியா வேறு எந்த ஊர்த் தெருவா என்று சொல்ல அந்தப் படத்தில் எதுவும் இல்லை. ஃபோகஸ் புள்ளியை ஒன்றாக்கி, கிட்டே இருக்கிற கண்ணில் வைக்கப் பழகியது அதற்கு அப்புறம்தான். எஃப் 4-க்கு வந்துசேர இன்னும் ஒரு வருடம் ஆனது. அதில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் பதினான்கு சென்டிமீட்டர் வரை கிடைக்கும், முகம் முழுக்கத் தெளியும்.

அடுத்த பாடம் சலோன். புகைப்படப் போட்டிக் கண்காட்சிக்கு அப்படிப் பெயர். “சலோனுக்கு அனுப்பியிருக்கேன்” என்றபோது வீட்டில், முடி வெட்டப் போகாமல் எதை அனுப்பினாய் என்று கேட்டார்கள். ஒரு பிரிவுக்கு நான்கு படம், நுழைவுக் கட்டணம், மூன்று நடுவர்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து, குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் ஏற்பு. என் நான்குக்கும் 8, 9, 7, 8. வேண்டியது 11. அவ்வளவுதான் பதில். ஏன் 7 என்று கேட்க ஆள் கிடையாது. அண்ணாச்சியின் ஒரு வரி ஒரு வருடத்துக்கு வேலை கொடுத்தது. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் மூன்று தடவை அனுப்பினேன், மூன்றிலும் இதே கதை. நண்பர்கள் “சவத்த விடு” என்றார்கள். நான்தான் விடவில்லை. ஏற்பு வாங்கின படங்களைப் பார்த்து, கறுப்பு வெள்ளை, முகச் சுருக்கம், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் என்று சூத்திரம் கண்டுபிடித்தேன்.

அந்தச் சூத்திரத்தோடு ஒரு மார்கழி மாதம் காருகுறிச்சிக்குப் போனேன். பொங்கல் பானை வேலை மும்முரமாக நடக்கிற நேரம். மண் மிதித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் கேட்டுவிட்டு, அவர் வீட்டு நடைவாசலில் உட்காரவைத்து எடுத்தேன். பத்து மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் முகம் எடுத்தால் கண் இரண்டும் குழியாகத்தான் விழும். ஆனால் நடைவாசல் நிழல் அருமையான இடம். எதிர்த் தெருவில் அடிக்கிற வெயில் திரும்பி வந்து முகத்தில் மெத்தென்று விழும். இன்னொன்று: கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் வெளுக்கவைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடுகிற வெளிச்சத்தை, ஒரு படிக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கினால்தான் அந்தத் தோலின் நிறம் நிற்கிறது. இதெல்லாம் சரியாக அமைந்த படம் அது. கறுப்பு வெள்ளையாக்கிப் பெரிய பிரிண்ட் போட்டு, தை பிறப்பதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆச்சி வாங்கவில்லை. “எய்யா, நான் இன்னும் சாகலையே” என்றார்.

அவர் வீட்டுச் சுவரில் அதே அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் படம், மாலை போட்டு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த நடுவரின் 7-ம் அப்படிச் சுட்டதில்லை. அவருக்கு வேண்டியது என்ன என்று அப்போதுதான் கேட்டேன்: நல்ல சேலை, நின்ற கோலம், முழு உருவம், பக்கத்தில் சூளை விட்டு இறக்கின பானைகள், கலர். எடுத்தேன், எஃப் 5.6-இல். விறைப்பாகத்தான் நிற்கிறார். சலோனுக்குப் போனால் 6 கூடத் தேறாது. அதுதான் இப்போது நாள்காட்டி பக்கத்தில் தொங்குகிறது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை என் அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னமும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, என்ன செய்ய.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். மங்கல் வெளிச்சத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். கோயில் கொடை விழாக்களில் இரவு இதை நம்பிப் போகாதீர்கள். ஒரு ஐப்பசி மழையில் நனைந்த பையிலேயே போட்டுவைத்ததில் உள்ளே பூஞ்சை பிடித்தது, சுத்தம் பண்ண 1,200 ரூபாய். தப்பு என்னுடையது. இப்போது ரப்பர் வளையம் வைத்த டப்பாவில் சிலிகா ஜெல்லோடு தூங்குகிறது. புதிதாக வாங்குகிறவர்கள், சின்ன சென்சார் என்றால், 35 எம்.எம். பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். நம் ஊர் வீடுகளுக்குள் ஐம்பதை வைத்துக்கொண்டு பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். நான் மாற்றவில்லை. ஆச்சி வீட்டு முற்றத்தில் பின்னால் போக இடம் இருக்கிறது. வருகிற மார்கழியில் பேத்தியை எடுக்க வரச் சொல்லியிருக்கிறார், கலரில்.