இரவு இரண்டு மணிக்கு எது உதவும்? ஒபரேசனுக்குப் பிறகு வீட்டை ஆயத்தப்படுத்தல்

என் கணவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒபரேசனுக்கு நாள் குறித்ததுமே ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு எடு என்றார் அண்ணா. வீட்டில் இருக்கிற சாய்மனைக் கதிரையே போதும் என்றார் மாமி. முதலில் கொமட் கதிரையை, அதாவது அறைக்குள்ளேயே இருந்து மலசலம் கழிக்கிற கதிரையை, பார் என்றாள் மச்சாள். கையில் இருந்த காசு எல்லாவற்றுக்கும் காணாது. இன்று அதே நிலையில் நிற்கிறவர்களுக்கு, எங்கள் ஆரையம்பதி வீட்டில் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று சொல்கிறேன்.

கட்டில்தான் பெரிய கேள்வி. இந்த ஒபரேசனில் உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல ஆக்கி நெஞ்சுக்குள் மேலே இழுத்துத் தைப்பார்கள். சாப்பாடு மேலே வராமல் தடுக்கிற வால்வு அதோடு போய்விடும். தட்டையாகப் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ஆகவே தலைப்பக்கம் எப்போதும் உயர்ந்தே இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைபிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும், ஆளைத் தூக்கி உட்கார வைக்கும் வேலை குறையும். உண்மையில் நல்ல சாமான். ஆனால் மாத வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, எங்கள் அறைக் கதவால் நுழையாத அகலம் என்று எல்லாம் சேர்ந்தது. ஹோலில்தான் போட வேண்டும் என்றால், பார்க்க வருகிற சனத்துக்கு நடுவில் இவர் எப்படிக் கண்ணயர்வார்?

அடுத்தது, இருக்கிற கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைப்பது. 6 முதல் 8 அங்குலம் உயரம் போதும். கட்டில் முழுவதும் ஒரே சரிவாக இருப்பதால் வயிறு மடங்காது. செலவு மிகக் குறைவு. கட்டை வழுக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். தச்சு வேலை செய்கிற தம்பி ஒருவர் முதிரைக் கட்டையில் கட்டில்கால் இறங்கி உட்காருகிற அளவுக்குக் குழி வெட்டித் தந்தார். செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள், ஆள் திரும்பும்போது ஆடும்.

தலையணை அடுக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வந்த முதல் இரவு கட்டை இன்னும் வரவில்லை என்று நான்கு தலையணை வைத்தேன். இரண்டு மணிக்கு இருமல் சத்தம். எழும்பிப் பார்த்தால் இவர் சறுக்கி அரைக் கட்டிலுக்கு வந்துவிட்டார், கழுத்து மட்டும் மடிந்து கிடக்கிறது, வாயோரம் பச்சைத் தண்ணீர். வெட்டுக் காயத்தைக் கையால் பொத்திக்கொண்டு, ‘ஒண்டுமில்ல, நீ படு’ என்கிறார். அந்த முகம் எனக்கு மறக்காது. அன்றிலிருந்து எந்தச் சாமானையும் ‘இரவு இரண்டு மணிக்கு இது உதவுமா’ என்று கேட்டுத்தான் பார்த்தேன்.

மாமி சொன்ன சாய்மனைக் கதிரை பகலுக்கு அருமை. சாப்பிட்டபின் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் சாய்ந்திருக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பதிந்த கதிரை. எழும்பக் கையை ஊன்றினால் விலா இழுக்கும். அரைத்தூக்கத்தில் தனியாக எழும்புகிற கதிரை அல்ல அது. அதனால் பகலுக்கு அது, இரவுக்குக் கட்டை வைத்த கட்டில்.

கட்டிலை எந்தச் சுவரோரம் போடுகிறோம் என்பதையும் பாருங்கள். இவருக்கு வெட்டு வலது விலாவில். இடப்பக்கம் சரிந்து, காலைக் கீழே விட்டு, பிறகு எழும்ப வேண்டும். எங்கள் கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்ததால் ஆள் வருவதற்கு முன்பே திருப்பிப் போட்டோம்.

மலசலகூடம் அடுத்தது. எங்களுடையது கிணற்றடிக்கு அப்பால், குந்தியிருக்கிற வகை. பின்கதவில் இருந்து இருபது அடிதான், ஆனால் முழுவதும் கடற்கரை மணல். ஊன்றி நடக்கிற சட்டத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நாலு காலும் மணலில் புதைந்தன. அறையோடு புதிதாகக் குளியலறை கட்டலாம் என்று மேசன் சொன்னார். நல்லதுதான், ஆனால் முடிய மாதக்கணக்காகும், சீமெந்துத் தூசு வேறு. கொமட் கதிரை அன்றே வந்தது. பகலில் கூச்சப்பட்டார், இரவில் கூச்சம் இல்லை. மிச்சக் காசில் பின்கதவில் இருந்து சீமெந்துக் கல் பதித்து ஒரு பாதை போட்டோம். மாரி மழை தொடங்க முன் முடித்தது நல்லதாகப் போயிற்று.

நுளம்புக்குத் திரியா, வலையா? வலைதான். நெஞ்சைத் திறந்து மூடியவருக்குத் திரிப் புகை ஆகாது. எழும்புகிற பக்கத்தை மட்டும் சொருகாமல் விடுங்கள், கால் சிக்கும்.

சாப்பாட்டுக்குப் புதுச் சாமான் எதுவும் வேண்டியதில்லை. சின்னக் கிண்ணம் ஆறு போதும். ஒரு நாளைக்கு ஆறு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒருநாள் சீனி கூடின கஞ்சி கொடுத்து, வியர்த்து நெஞ்சு படபடத்துப் போனார். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் அப்படித்தான் வருமாம்.

ஆள் வைப்பதா, சொந்தக்காரர் முறை போட்டு நிற்பதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பகலுக்கு யார் வந்தாலும் சரி, இரவுக்கு ஒரே ஆள் நிற்க வேண்டும். எது வழமையான இருமல், எது வேறு இருமல் என்று அந்த ஆளுக்குத்தான் தெரியும். காய்ச்சல், மூச்சு முட்டு, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி நோவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் இலவசம். அந்த இலக்கத்தைக் கட்டில் தலைமாட்டில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்.

கொமட் கதிரை இப்போது அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் நிற்கிறது. கல் பாதையால் இவர் தானே கிணற்றடிக்குப் போய் வருகிறார். முதிரைக் கட்டைகள் மட்டும் கட்டிலுக்குக் கீழேயே இருக்கின்றன. தலை உயர்த்திப் படுப்பது இனி எப்போதைக்கும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நானும் அந்தச் சரிவிலேயே படுத்துப் பழகிவிட்டேன்.