இசட்எஃப்எஸ்ஸும் கிரப்பும்: நாலு வருஷக் குடித்தனம்

அவிநாசியில் எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கும் மாமா போன வாரம் கேட்டார்: "ஏன் மாப்ள, நானும் உன்னாட்டமே இசட்எஃப்எஸ் போட்டுக்கட்டுமா?" இசட்எஃப்எஸ் என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு ஃபைல்சிஸ்டம். அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின ராத்திரிதான் ரெண்டு மணி வரை அதனோடு மல்லுக்கட்டியிருந்தேன். இது அவருக்கான பதில்தான். கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். 2021 கடைசியில் டெபியன் 11 என்ற லினக்ஸை இசட்எஃப்எஸ் மேல் ஏற்றினேன். டெபியன் இன்ஸ்டாலரில் அதற்கு வழி கிடையாது, எல்லாம் கையால் செய்ததுதான். ஒரு டிபி டிஸ்க் ரெண்டு, மிரர், அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் இருக்கும். யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்த ஆறு மாதத்தில் கரண்ட் போனதற்குக் கணக்கில்லை, ஆனால் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. பழையதை அழித்து அதன் மேல் எழுதுகிற வழக்கம் இசட்எஃப்எஸ்ஸுக்கு இல்லை. வேறு இடத்தில் முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பழைய இடத்தைக் கைவிடும். மாதம் ரெண்டாவது ஞாயிறு டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் தானாக ஓடும். ஒரு தடவை ஒரு டிஸ்க்கில் செக்சம் (டேட்டா கெடவில்லையா என்று பார்க்கும் எண்) இடித்தது. அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தானே சரி செய்துகொண்டது. கடைப் பையன் ஆறு கலர் டிசைன் ஒன்றின் மேல் வேறெதையோ சேவ் செய்துவிட்டு முழித்தபோது, காலையில் ஃபைல்கள் இருந்த நிலையைப் பிடித்து வைத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவன் எனக்கு வாங்கிக் கொடுத்த டீயை மறக்க மாட்டேன்.

ஆனால் கிரப் இருக்கிறதே!

மெஷின் எழும்போது லினக்ஸுக்கு முன்னால் ஓடுவது கிரப். லினக்ஸின் மையமான கெர்னல் கிடக்கும் பூட் பகுதியை அதுதான் படித்தாக வேண்டும். லினக்ஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் டிரைவர் அப்போது கிடைக்காது. கிரப்புக்கென்று தனியாக எழுதிய சின்ன நிரலை வைத்துத்தான் படிக்கும். இசட்எஃப்எஸ்ஸில் புதிதாக வந்த பல வசதிகள் அதற்குத் தெரியாது. அதனால்தான் பூட்டுக்கு மட்டும் 'பிபூல்' என்று 1 ஜிபியில், கிரப்புக்குப் புரிகிற வசதிகளை மட்டும் இயக்கி, தனிப் பூல் (இசட்எஃப்எஸ் டிஸ்க் இடத்தைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) வைப்பார்கள். நானும் வைத்திருந்தேன், மற்றதெல்லாம் பெரிய பூலில்.

டெபியன் 13-க்கு மாறிய பிறகு, பூல் நிலவரம் பார்க்கும்போதெல்லாம் "சில வசதிகள் இயக்கப்படவில்லை, அப்கிரேட் செய்யலாம்" என்று ஒரு குறிப்பு வந்துகொண்டே இருந்தது. அது பிழைச் செய்தியும் இல்லை. பார்க்கப் பார்க்க எரிச்சலாகி, எல்லாப் பூலுக்கும் சேர்த்து அப்கிரேட் தட்டிவிட்டேன். தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது பூட் பூல், கை வைத்தால் மெஷின் எழாது என்று ஒரு வரி எச்சரிக்கை காட்டியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் கிரப்பை நிறுவும் கிரப்-பிசி பேக்கேஜுக்கு அப்டேட் வந்தது. 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்று சொல்லிவிட்டு நின்றது. பேக்கேஜ் நிலவரம் காட்டும் டிபிகேஜி பட்டியலில் கிரப்-பிசிக்கு முன்னால் 'ஐஎஃப்' என்று இரண்டு எழுத்து, அதாவது பாதி கான்ஃபிகர் ஆன நிலை. அதன்பின் ஒரு ஃபான்ட் பேக்கேஜ் போட்டாலும் கடைசியில் அதே பிழை. மறுபடி கான்ஃபிகர் செய்யச் சொன்னாலும் அதேதான். ஃபைல்சிஸ்டம் என்னவென்று கிரப் பார்வையில் சொல்லும் கிரப்-புரோபை எடுத்து பூட் பகுதியைக் காட்டினேன். அதுவும் அதையே சொன்னது. ஆக பேக்கேஜ் மேல் குற்றமில்லை, அப்கிரேட் ஆன பிபூலை கிரப்பால் படிக்க முடியவில்லை.

மெஷின் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைத்தால்தான் எழாது. மறுநாள் காலை ஒன்பதிலிருந்து எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் கட்.

இயக்கிய வசதியைத் திருப்பி அணைக்க வழி கிடையாது. முன்னதாக, பூலின் அந்த நேர நிலையைக் குறித்து வைக்கும் செக்பாயின்ட் ஒன்றை எடுத்து வைத்திருந்தால் பூலையே பின்னோக்கி ஓட்டியிருக்கலாம், யார் எடுத்தார்? பூட் பகுதி முழுவதையும் பெரிய பூலுக்குள் நகலெடுத்தேன். பிபூலை அழித்து, அந்த இடத்தில் லினக்ஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டமான இஎக்ஸ்டி4 போட்டு, எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் எழுதி, நகலைத் திருப்பிக் கொட்டினேன். பழைய பிபூலைத் தேடும் சர்வீஸையும் நிறுத்தினேன். கான்ஃபிகர் இந்தத் தடவை சத்தமில்லாமல் முடிந்தது. ரெண்டு டிஸ்க்கிலும் கிரப் ஏற்றிவிட்டு ரீபூட் கொடுத்தேன், மெனு வந்தது. பூட்டுக்கு இப்போது மிரர் கிடையாது. வாரம் ஒருமுறை மற்ற டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடுகிறது. கொஞ்சம் அசிங்கமான ஏற்பாடுதான்.

மாமாவிடம் "வேண்டாங்க மாமா, உங்களுக்கு இஎக்ஸ்டி4 போதும்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் கடைக்கு இன்னொரு மெஷின் வருகிறது. அதிலும் இசட்எஃப்எஸ்தான் போடப்போகிறேன், பூட் பகுதியை மட்டும் முதல் நாளே தனியாக ஒதுக்கிவிட்டு. இதை மாமாவிடம் சொல்லவில்லை.