சங்கப் பணம்: உறிஞ்சுகுழிக்கா, பொங்கல் விழாவுக்கா?

வேலூரின் சத்துவாச்சாரி மாதிரிப் பகுதிகளில் குடியிருப்போர் நலச்சங்கம் கூடினால், தை பிறக்கும் முன் எழும் கேள்வி இது.

என் ஓட்டு மழைநீர் உறிஞ்சுகுழிக்குத்தான். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியது. வரும் தண்ணீரை நிலத்துக்குள் இறக்காவிட்டால் சித்திரையில் போர்வெல் காற்றைத்தான் கக்கும். குழியின் அடியில் கருங்கல், அதன்மேல் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே மணல். ஐப்பசி மழைக்கு முன் மேல்மணலை வாரிக் கழுவிப் போட வேண்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். பொது இடத்து வேலை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும்.

விழாவுக்குப் போடும் பணம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். கோலப்போட்டி, உறியடி, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம். ஆனால் எதிர்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவரின் பெயர் எனக்குத் தெரிந்ததே பொங்கல் பானை பக்கத்தில்தான். அடுத்த ஐப்பசியில் குழியைத் தூர்வார மண்வெட்டியோடு முதலில் வந்தவரும் அவர்தான்.

ஆகவே விழாவை விடக் கூடாது. பணம் குழிக்குப் போகட்டும். வீட்டுக்கு ஒரு படி பச்சரிசியும் ஓர் அச்சு வெல்லமும் வந்தால் பானை பொங்கிவிடும். வாடகை ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம்.