பீஸ் ரேட் கூலிக் கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் கால்க்

பவர் டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு தையல் யூனிட்) வைத்திருப்பவர்களும் சிறிய பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதுபவர்களும் என்ன மென்பொருள் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால், காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள கால்க் (எக்செல் போன்ற கணக்குத் தாள்) போதும். கூலிக் கணக்கில் தப்பு நுழைவது பெரும்பாலும் கூட்டலிலோ பெருக்கலிலோ அல்ல, பார்முலா வேறு செல்லை (கட்டத்தை) பார்ப்பதால்தான். அதைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது.

திருப்பூர் வழக்கப்படி ஒரு வாரத் தாளை எடுத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் டெய்லர் பெயர், பி நெடுவரிசையில் அவருடைய பீஸ் ரேட் (ஒரு பீஸ் தைக்கக் கூலி), சி முதல் எச் வரை திங்கள் தொடங்கிச் சனி வரைக்கும் தைத்த எண்ணிக்கை. முதல் டெய்லர் 5ஆம் வரியில் இருக்கிறார். வலப்பக்கம் கூலிக் கட்டத்தில் =பி5*சி5 என்று அடித்தால் திங்கட்கிழமை கூலி சரியாக வரும். அதைச் செவ்வாய்க்கு இழுத்தால் சி, டி ஆக மாறும். கூடவே பி, சி ஆகிவிடும். திங்கள் எண்ணிக்கையைச் செவ்வாய் எண்ணிக்கையால் பெருக்கி, ஒரே நாளில் பதினைந்தாயிரம் ரூபாய் கூலி என்று காட்டும். =$பி5*சி5 என்று எழுதினால் பி நகராது. கீழே இழுக்கும்போது 5 மட்டும் 6, 7 என்று அடுத்த ஆளுக்குப் போகும். டாலர் குறி எதன் முன்னால் நிற்கிறதோ அது மட்டும் அசையாது. டாலரைக் கையால் அடிக்கவும் தேவையில்லை. செல் பெயரில் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் இரண்டும் கட்டிய நிலை, எண் மட்டும், எழுத்து மட்டும், எதுவும் இல்லை என்று மாறி மாறி வரும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

பதினைந்தாயிரம் கூலி கண்ணில் பட்டுவிடும். படாமல் போகிற தப்புதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மாதச் சம்பளத் தாளில் பி1இல் இஎஸ்ஐ 0.75 சதவீதம், பி2இல் பிஎஃப் 12 சதவீதம் என்று வைத்திருக்கிறோம். இஎஸ்ஐ பார்முலாவில் $பி$1 என்பதற்குப் பதில் பி1 என்று விட்டுவிட்டால், இரண்டாவது தொழிலாளிக்கு இஎஸ்ஐ என்ற பெயரில் 12 சதவீதம் போய்விடும். அவர் வீட்டு மளிகைப் பணம் அது. எண்ணையே பார்முலாவுக்குள் எழுதிவிடலாமே என்பார்கள். 2019 ஜூலையில் தொழிலாளி பங்கு 1.75இலிருந்து 0.75 ஆகக் குறைந்தது. எண்ணைத் தனிச் செல்லில் வைத்தவர்கள் ஒரே இடத்தில் திருத்தினால் போதுமாயிருந்தது. மற்றவர்கள் ஒவ்வொரு தாளாகத் தேட வேண்டியிருந்தது.

சரிபார்ப்பதற்கு கால்க் தரும் உதவி அருமை. பார்முலாவை இரண்டு முறை சொடுக்கினால், அது பார்க்கும் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு நிறத்தில் கட்டம் விழும். டூல்ஸ் மெனுவில் டிடெக்டிவ் என்ற பகுதி உண்டு. ஷிஃப்ட்டுடன் எஃப்9 அழுத்தினால் எந்தெந்தச் செல்லிலிருந்து கணக்கு வருகிறது என்று நீல அம்புகள் காட்டும். பட்டுவாடாவுக்கு முன் கடைசி ஆளின் வரியில் மட்டுமாவது இதைச் செய்து பாருங்கள். முதல் வரி எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

கால்க்கில் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். இங்கே ஷீட் பெயருக்கும் டாலர் உண்டு. எக்செல்லில் இந்த வசதி இல்லை. அட்வான்ஸ் பாக்கியை மாதாமாதம் கொண்டுபோக வேண்டும் என்றால், மே ஷீட்டில் =ஏப்ரல்.கே5 என்று டாலர் இல்லாமல் எழுதி, அந்தச் செல்லை ஜூன் ஷீட்டில் ஒட்டினால் அது தானாகவே மே.கே5 ஆகிவிடும். மாதங்கள் வரிசையாக இருந்தால் வருடம் முழுவதும் முந்தைய மாதத்தையே பார்த்துக்கொண்டு போகும். ரேட் பட்டியல் போன்ற நிலையான ஷீட்டுக்கு மட்டும் முன்னால் டாலர் போட வேண்டும். பார்முலா எழுதும்போது வேறு ஷீட்டின் செல்லைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்தால் கால்க்கே ஷீட்டுக்கு டாலர் போட்டுவிடும். முந்தைய மாதக் கணக்குக்கு அந்த டாலரை அழித்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. கோப்பை எக்செல் வடிவில் சேமித்தால் ஷீட் நகரும் இந்த நுட்பம் போய்விடும். மூலக் கோப்பை கால்க்கின் சொந்த வடிவமான ஓடிஎஸ் வடிவிலேயே வைத்துக்கொண்டு ஆடிட்டருக்குத் தனிப் பிரதி அனுப்ப வேண்டும். ஷீட் பெயருக்கும் செல்லுக்கும் நடுவே இங்கே புள்ளி, எக்செல்லில் ஆச்சரியக்குறி. எக்செல் பழகிய கைக்கு இது இடறும். ஆப்ஷன்ஸில் கால்க், பார்முலா என்று போய் எக்செல் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓபன் ஆபிஸ் கால்க் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மாற்றித் தர வேண்டாம். லிப்ரே ஆபிஸ் 2010இல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான். அவர்கள் கை தானாகவே புள்ளியை வைக்கும்.