ஷ்யூரா, சர்ட்டனா?

ஆங்கிலத்தில் ஷ்யூர் (sure), சர்ட்டன் (certain) இரண்டுமே 'உறுதி' என்ற பொருள் தரும்; ஆனால் பயன்படும் இடம் வேறு. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில், "மார்த்தாண்டம் வண்டி வருமா?" என்று கேட்டால், "ஷ்யூரா வரும்" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஷ்யூர்தான் சரி. அது சொல்பவரின் நம்பிக்கை. உதவி கேட்டவரிடம் "ஷ்யூர்" என்றால், "செய்து தருகிறேன்" என்ற சம்மதமும்கூட.

சர்ட்டன் இன்னும் கனமானது. 'இட் இஸ் சர்ட்டன் தட்' என்று தொடங்கி, குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று எழுதலாம். அங்கே ஷ்யூர் ஒட்டாது.

அப்புறம், பிள்ளைகள் தடுமாறுகிற இடம் ஒன்று: 'எ சர்ட்டன் மேன்' என்றால் உறுதியான மனிதர் அல்ல, யாரோ ஒருவர். 'சர்ட்டன் டேஸ்' என்றால் குறிப்பிட்ட சில நாட்கள். இந்த வேலை ஷ்யூருக்குக் கிடையவே கிடையாது. அதனால் பேச ஷ்யூரை முதலில் பழக்குங்கள். வாசிக்கும்போது சர்ட்டனைக் கண்டால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.