பச்சோந்தியா, மரத்தவளையா? சுங்கை சிப்புட் கடை அனுபவம்

பள்ளி விடுமுறை விட்டதும் மகனோடு மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் வளர்ப்புப் பிராணி விற்கும் கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். மீன் தொட்டிகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால் ஏமன் பச்சோந்தி ஒன்று, ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை இரண்டு.

பச்சோந்தி கம்பீரம்தான். தலையில் கொண்டை மாதிரி எலும்பு மேடு. ஒரு கண் மகனைப் பார்க்கிறது, இன்னொன்று தவுக்கேயை, அதாவது கடை முதலாளியைப் பார்க்கிறது. மகன் தன் சிவப்புச் சட்டையை ஒட்டிக் காட்டி, நிறம் மாறும் என்று காத்திருந்தான். எங்கே மாறுவது? பயத்தில் கறுத்ததுதான் மிச்சம். அதன் நிறம் சூடு, குளிர், கோபம், பயம் இவற்றுக்குத்தான் மாறும், சட்டைக்கு அல்ல.

ஆனால் அதைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அங்கேயே எனக்குக் கசந்துவிட்டது. பச்சோந்தி பெரும்பாலும் தேங்கிய தண்ணீரைக் கண்டுகொள்ளாது, இலையில் வழியும் சொட்டைத்தான் நக்கும். அதனால் காற்றோட்டமான வலைக்கூண்டு, தினமும் தண்ணீர் தெளிப்பு, அப்புறம் யுவிபி எனும் புற ஊதா விளக்கு, கால்சியம் தூள் என்று செலவு நீளும், இதில் ஏமாற்றினால் எலும்பு மெலிந்து கால் வளைந்துபோகும். தவுக்கேயிடம் சொன்னால், "குடிக்கும் லா அண்ணே, பழகிடும்" என்கிறார். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதித் தாள் இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சு அதன் தீனியான சுவர்க்கோழிப் பூச்சியின் விலைக்குத் தாவிவிட்டது. சரி, பச்சோந்தி வேண்டாம்.

தவளையை வாங்கினோம். பகலெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய கொழுக்கட்டை, இருட்டியதும்தான் ஆட்டம். வாயால் தண்ணீர் குடிக்காது, கிண்ணத்தில் உட்கார்ந்து தோலால் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் குளோரின் நீக்கி ஊற்ற வேண்டும். இதைக் கடைப் பையன் ஒருவன் பொறுமையாகச் சொல்லித் தந்தான். கடைக்கு நான் கொடுக்கும் மூன்று நட்சத்திரமும் அவனுக்குத்தான். ஒன்று மட்டும் அவன் சொல்லவில்லை: ஏமன் பச்சோந்தி 5 முதல் 8 வருடம் என்றால், இந்தத் தவளை நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடத்துக்கும் மேல் இருக்கும். மகன் வேலைக்குப் போன பிறகும் பூச்சி போடப்போவது நான்தான்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த அம்மாவுக்கு மனசு ஆறவேயில்லை. "குளியலறைச் சுவர்ல தினமும் சும்மா வந்து உட்காருமே, அதுக்கா காசு கொடுத்தே?" என்றார். அது நம்மூர்த் தவளைம்மா, குட்டை ஓரத்தில் நுரைக்கூடு கட்டுமே, அது வேறு இனம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இன்றுவரை விலையை மட்டும் நான் சொல்லவில்லை.