7மிமீ-08 ரெமிங்டன்: உதை குறைந்த மான் தோட்டா, ரீலோடிங் வரை

மான் வேட்டைக்கு உதை குறைந்த ரைஃபிள் வேண்டும், இப்போதைக்குக் கடைத் தோட்டா போதும், பின்னாளில் ரீலோடிங் (சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் மறுபடி அடைத்துத் தோட்டாவாக்குவது) செய்வேன் என்று திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வேட்டைக் காலமாக என்னிடம் இருப்பது 7மிமீ-08 ரெமிங்டன் என்ற தோட்டாவுக்கான ரைஃபிள். தொடக்கத்தில் கடையில் வாங்கிச் சுட்டேன், இப்போது சுடுவதெல்லாம் நானே அடைத்தவை.

முதலில் உதை. 8 பவுண்டு ரைஃபிளில் 140 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டைச் சுட்டால் தோளுக்கு வருவது ஏறக்குறைய 12 முதல் 13 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு). அதே எடையில் .243 வின்செஸ்டர் தோட்டா 9-ஐ ஒட்டியும், .30-06 20-ஐ ஒட்டியும் நிற்கும். 20 அடி-பவுண்டைத் தாங்க முடியாது என்றில்லை. ஆனால் பயிற்சி மேடையில் ஒரு பெட்டி முடிவதற்குள் உடம்பு தானாகவே வெடிச் சத்தத்துக்கு முன்பே சுருங்க ஆரம்பித்துவிடும், ட்ரிகரையும் வெடுக்கென்று இழுத்துவிடுவோம். 7மிமீ-08-இல் நான் பயிற்சியை முடிப்பது பொழுது போய்விட்டது என்பதற்காகத்தான், தோள் வலிக்காக அல்ல. ஆனால் தோட்டா லேசானது என்று நம்பி 6 பவுண்டு ரைஃபிள் வாங்கிவிடாதீர்கள். எடை குறைகிற விகிதத்தில் உதை ஏறும். 8 பவுண்டு 6 ஆனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தோளில் வைக்கும் கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துவதும் நல்ல ரப்பர் பட்டையும் தோட்டா அளவுக்கே முக்கியம்.

அப்படியானால் .243 ஏன் வேண்டாம்? வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1955-இல் வந்தது, சரியான இடத்தில் பட்டால் மானுக்குப் போதும். சிறுவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் பல இடங்களில் மானுக்குச் சட்டம் வைக்கும் கீழ் எல்லை அதன் அருகிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் குண்டு விட்டம் குறைந்தது 6 மிமீ வேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான மான் வகைகளுக்கு .240 அங்குல விட்டமும் 1700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். குண்டும் பெரும்பாலும் 100 கிரெயினை ஒட்டி முடிந்துவிடும். 7 மிமீயில் 120 முதல் 160 கிரெயின் வரை குண்டுகள் நிறையக் கிடைக்கும், காரணம் 7x57 மௌசர், .280 ரெமிங்டன், 7மிமீ ரெமிங்டன் மேக்னம் எல்லாமே அதே .284 அங்குலக் குண்டுதான்.

அடுத்த போட்டியாளர் 6.5 கிரீட்மூர். 2007-இல் ஹார்னடி கொண்டுவந்தது, உதை கிட்டத்தட்ட இதே அளவு, கடையில் தோட்டா குவிந்து கிடக்கும். ரீலோடிங் செய்யவே மாட்டீர்கள் என்றால் அதை வாங்குங்கள், விவாதமே வேண்டாம். 7மிமீ-08-இன் பெரிய குறையே இதுதான்: சிறிய கடைகளில் ஒன்றிரண்டு வகை இருந்தாலே அதிர்ஷ்டம். ஆனால் சொந்தமாக அடைக்கத் தொடங்கிய பிறகு கடை அலமாரியில் தோட்டா இருக்கிறதா என்ற கவலையே போய்விடுகிறது. கிரீட்மூரில் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் வெற்றுக்கூடுகள் (மருந்தும் குண்டும் அடைக்காத உலோக உறைகள்) பெரிய பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது), சிறிய பிரைமர் என இரண்டு விதமாகவும் வருகின்றன. பார்க்காமல் வாங்கினால் கையிலிருக்கும் பிரைமர் பொருந்தாது.

7மிமீ-08-இன் உண்மையான பலம் அதன் குடும்பம். 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் கூட்டின் கழுத்தைச் சுருக்கித்தான் .243, 1980-இல் இது, 1997-இல் .260 ரெமிங்டன் எல்லாம் வந்தன. 7மிமீ-08 கூடு கிடைக்காத நாளில் .308 கூட்டை நன்றாக எண்ணெய் தடவி டையில் (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு) செலுத்தினால் வேலை நடக்கும். .308 கூடு 2.015 அங்குலம், இதற்கு 2.035, சற்றுக் குட்டையாக இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. கழுத்துச் சுவர் தடித்துவிட்டதா என்று மட்டும் அளந்து பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் .308 என்றே பொறித்திருக்கும் என்பதால் தனிப் பெட்டியில் போட்டு அடையாளமிடுங்கள், கலந்துவிட்டால் ஆபத்து. அடைக்கும்போது கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரும் .30-06, .270, கிரீட்மூர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

உதையை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் எச்4895 பவுடர் (தோட்டாவில் அடைக்கும் மருந்து) இருக்கிறது. கையேட்டில் அந்தப் பவுடருக்குக் கொடுத்துள்ள உச்ச அளவில் 60 சதவீதம் மட்டும் மிஞ்சும் வரை இறங்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. புதியவர்களைச் சுடப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்த விதியை மெதுவாக எரியும் வேறு பவுடருக்குப் பொருத்திவிடாதீர்கள். அளவு மிகக் குறைந்தால் அவற்றில் அழுத்தம் எதிர்பாராமல் எகிறலாம். இப்படி மருந்தைக் குறைத்தால் குண்டு விழும் இடமும் மாறும், ஸ்கோப்பைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

.30-30-ஐயும் சிலர் கேட்பார்கள். உதை லேசுதான், ஆனால் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசின் ரைஃபிளில் கூர்முனைக் குண்டு போடக்கூடாது, முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரை அது குத்திவிடும். தட்டைமுனை அல்லது வளையும் நுனிக் குண்டு மட்டுமே என்றால் ரீலோடருக்கு விளையாட இடம் குறைவு.

முதல் பெட்டி தோட்டா வாங்கிய நாளிலிருந்தே சுட்ட கூடுகளைப் பொறுக்கி வைக்கத் தொடங்குங்கள், ஒரே கம்பெனிக் கூடுகளை ஒன்றாக. ரீலோடிங் கருவிகளை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பிரைமர் மட்டும் கண்ணில் பட்டபோது எடுத்து வையுங்கள். 2020-21 தட்டுப்பாட்டில் கூடும் குண்டும் வைத்திருந்தவர்கள்கூடப் பெரிய ரைஃபிள் பிரைமர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.